மூன்று மணி இருபத்தெட்டு நிமிடம்

என் அக்கா டிம்ப்னாவுக்கு வேறு கவலையே கிடையாது. கால்வே நகரத்தில் பெரிய வீடு, பல் வைத்தியம் பார்க்கிற புருஷன், ஆளுக்கொரு கார் என்று எல்லாம் இருந்தும், அவள் நிம்மதியைக் கெடுப்பது என் ஜட்டிதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஃபோன் அடிப்பாள்.

"டேய் மெலக்கி, ஊர் பூரா டீசல் போட வர்ற இடத்துல, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால உன் ஜட்டி சுத்து சுத்துன்னு சுத்துதாமே. பாதிரியார் டயருக்குக் காத்துப் பிடிச்சுக்கிட்டு அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாராம். என் மானம் போகுதுடா."

"பாதிரியாரும் ஜட்டி போடுறவர்தானேக்கா."

"வாயை மூடு. இந்தக் காலத்துல வாஷிங் மெஷின் இல்லாத வீடு உண்டா?"

உண்டு. என் வீடுதான். போன அக்டோபரில் பழைய மெஷின் புகை விட்டுச் செத்துப்போனது. எங்கள் கில்லீன் குறுக்குச் சாலை பெட்ரோல் பங்க்கில், தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு வாஷிங் மெஷின்கள் எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கின்றன. காசு போட்டால் அரை மணி நேரத்தில் துவைத்துத் தரும். வாரா வாரம் மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு அங்கே போய்வருகிறேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு மாடு, நாற்பது ஆடு, கல்யாணம் இல்லை. என் துணியில் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிம்ப்னா விடுகிற ஆள் இல்லை. கரண்ட்டை மிச்சம் பிடிக்கிற மெஷின்களாகப் பார்த்துப் படத்தோடு என் ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பாள். ஒவ்வொன்றிலும் நான் ஒரு நொட்டை கண்டுபிடிப்பேன்.

"ஒம்பது கிலோவா? நான் என்ன லாட்ஜா நடத்துறேன்?"

"இது தண்ணி பிழியறப்ப போடுற சத்தத்துக்கு நாய் வீட்டை விட்டு ஓடிடும்க்கா."

"மூணு மணி இருபத்தெட்டு நிமிஷமாம்! அதுக்குள்ள என் சிவப்பி கன்னு போட்டு, நக்கி எழுப்பி, பாலும் குடுத்துருவா."

"கரண்ட்டு கம்மியா எடுக்குற மெஷின் மெதுவாத்தாண்டா ஓடும்."

"அது எப்படி? நேரம் கூடக் கூட கரண்ட்டும் கூடத்தானே செய்யும்?"

இப்படிக் கேட்டுவிட்டு நானே உட்கார்ந்து படிப்பேன். நொட்டை சொல்வதற்கும் விஷயம் தெரிய வேண்டுமே. மெஷின் குடிக்கிற கரண்ட்டில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது, சுற்றுவதற்கு ஒன்றும் பெரிதாக ஆகாது. சூட்டைக் குறைத்து, நிறைய நேரம் ஊற வைத்து ஊற வைத்துத் துவைத்தால் அழுக்கும் போகும், கரண்ட்டும் மிச்சம். மெஷின் ஸ்டிக்கரில் சிக்கனத்துக்குப் போடுகிற ஏ எழுத்துக்கும் ஊதாரித்தனத்துக்குப் போடுகிற ஜி எழுத்துக்கும் உள்ள வித்தியாசம், நூறு தடவை ஓட்டினால் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் எல்லாம் எனக்கு மனப்பாடம். மேயோ மாவட்டத்திலேயே வாஷிங் மெஷின் பற்றி என்னளவு தெரிந்த, வாஷிங் மெஷின் இல்லாத ஆள் வேறு யாரும் இருக்க மாட்டான்.

அக்காவிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணி, அல்டோனா.

அல்டோனா லித்துவேனியாக்காரி. புருஷன் அங்கேயே இறந்துபோனார். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடம் காளான் கொட்டகையில் தன் நாட்டு ஆட்களோடு வேலை, இப்போது இரண்டு வருடமாக பலினா சாலை முதியோர் இல்லத்தில். வியாழக்கிழமை அரை நாள் லீவு. வாடகை வீட்டு மெஷின் கெட்டுப்போய், வீட்டுக்காரன் இன்று நாளை என்று இழுத்தடித்ததால் அவளும் பங்க்குக்கு வர ஆரம்பித்தாள். ஆறு கிலோமீட்டர், சைக்கிளில், துணி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

முதல் நாள் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃப்ளாஸ்க்கைத் திறந்தாள். அந்தக் காப்பி வாசனை இருக்கிறதே, பெட்ரோல் வாசனையையே அமுக்கிவிட்டது.

"காப்பி குடிக்கிறீங்களா?"

"ஐயோ, வேண்டாங்க" என்றேன்.

"சரி" என்று சொல்லி மூடியைத் திருகிவிட்டாள்.

நான் அசந்துபோனேன். எங்கள் ஊரில் முதல் தடவை சொல்கிற 'வேண்டாம்' என்பதை யார் நம்புவார்கள்? இரண்டாம் தடவை கேட்க வேண்டும், அப்போதும் சும்மா ஒரு வேண்டாம். மூன்றாம் தடவை வற்புறுத்தினால், "நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னு ஒரு வாய்" என்று கையை நீட்டுவோம். முதல் தடவையே சரி என்கிறவனைப் பஞ்சத்தில் அடிபட்டவன் என்பார்கள். அவள் அதன் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. வேண்டாதவரிடம் போய் எதற்குக் கேட்பது என்று நினைத்திருப்பாள். எட்டு மாதம், ஒவ்வொரு வியாழனும், அந்த வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதே நாள், மழை தூறியது. நான் என் பங்குக்கு மரியாதையாகக் கேட்டேன்.

"கார்ல கொண்டு விடட்டுமா?"

"வேண்டாம், நன்றி."

"இல்ல, சும்மா ஏறுங்க, அந்தப் பக்கம்தான் போறேன்."

"வேண்டாம்."

"மழையில எதுக்குங்க..."

அல்டோனா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குக் காது கேக்காதா?" என்று கேட்டாள். கோபமில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், நிஜமாகவே சந்தேகம்.

அந்த ஒரு கேள்வியில் விழுந்தேன். மனசில் இருப்பதை மூன்று சுற்றுச் சுற்றாமல் சொல்கிற ஒரு பெண் பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அரை மணி நேரம் என்ன பேசுவோம்? பெரிதாக ஒன்றுமில்லை. என் மாடுகளின் பெயரெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இல்லத்தில் டோலன் என்று ஒரு கிழவர் இருப்பதைச் சொல்லிச் சிரிப்பாள். "பிஸ்கட் வேணுமான்னு கேட்டா வேண்டாம்பாரு. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் பக்கத்துத் தட்டுல இருந்து திருடுவாரு. எதுக்குன்னே தெரியல." எனக்கு எதற்கென்று தெரியும். சொன்னால் காப்பி விஷயமும் வெளியே வந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

பிறகு மெஷின் கடைசியாக ஒரு உலுக்கு உலுக்கி நிற்கும். இனி ஏழு நாள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மாட்டுக்கு வைக்கோல் போடும்போதெல்லாம் எண்ணுவேன். சில வாரம் துவைக்கத் துணியே சேராது. நல்ல சட்டையைக் கன்றுக்குட்டிக் கொட்டிலில் போட்டு ஒரு மிதி மிதித்து எடுத்துப் போவேன். ஐம்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டை மட்டும் எடுத்து வைக்கும்போது, இன்னொரு தட்டும் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அவளுக்குத்தான் ஏங்கினேன். வேறு என்ன சொல்வது.

ஜூன் மாதம் இரண்டு இடி சேர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை டிம்ப்னா கெடு வைத்தாள்.

"மாசக் கடைசிக்குள்ள நீ எதுன்னு சொல்லணும். இல்லன்னா நானே ஒண்ணு வாங்கி வேன்ல அனுப்புவேன். சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை அல்டோனா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். சேர்த்து வைத்த பணத்தில் சதுப்பு நிலத்து ஓரம் ஒரு சின்ன வீடு வாங்கிவிட்டாளாம். எலி வளையானாலும் தனி வளை. எனக்கும் சந்தோஷம்தான், அடுத்த வார்த்தையை அவள் சொல்லும் வரை.

"இனிமே இந்த சைக்கிள் ஓட்டம் வேண்டாம். ஒரு மெஷின் வாங்கப் போறேன். கூரையில மூணு சூரியத் தகடு இருக்கு, அதுக்கேத்த மாதிரி கரண்ட்டு கம்மியா எடுக்கணும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, எது நல்லதுன்னு சொல்லுங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

"எதுவும் நல்லதில்லங்க" என்றேன். "எல்லாம் ஏமாத்து வேலை. ஏ-ன்னு ஒட்டியிருப்பான், உள்ள ஒண்ணும் இருக்காது. இங்க மாதிரி வராது."

"அப்படியா?" என்றாள். நம்பிவிட்டாள். நான் எது சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறவள்தானே. முகம் சுருங்கிப் போயிற்று.

அன்று மேற்கேயிருந்து மழை சரிந்து அடித்தது. துவைத்த மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக் கயிறு கட்டினாள். ஈரத் துணி, கனம். கிழவர்களைத் தூக்கித் தூக்கி வெடித்துப்போன விரல்களால் முடிச்சு விழவில்லை. இரண்டு தடவை அவிழ்ந்தது. என் அரை மணி நேரச் சுகத்துக்காக இவள் இன்னும் எத்தனை மழையில் நனைய வேண்டும்? என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

"அல்டோனா, நான் தப்பாச் சொல்லிட்டேன். நல்ல மெஷின் இருக்கு. சனிக்கிழமை பலினா போய்ப் பாக்கலாம். கார்ல வர்றீங்களா?"

ஒரே தடவைதான் கேட்டேன்.

"வர்றேன்" என்றாள்.

கடைக்காரன் என்னைப் பார்த்ததும் கைதட்டினான். "வாங்கண்ணே! உங்கக்கா எட்டு தடவை ஃபோன் பண்ணிட்டாங்க. கடைசியில வழிக்கு வந்துட்டீங்களா?"

"எனக்கில்ல, இவங்களுக்கு."

உடனே பத்துக் கிலோ மெஷின் ஒன்றை நோக்கி எங்களைத் தள்ளிக்கொண்டு போனான். ஃபோனிலிருந்தே ஓட்டலாமாம், ஆவி அடிக்குமாம், துணி எவ்வளவு என்று தானே எடை போடுமாம்.

"வீட்ல எத்தனை பேர், அக்கா?" என்று அவளிடம் கேட்டான்.

"ஒருத்தி."

சட்டென்று சொல்லிவிட்டாள், மணி கேட்டால் சொல்வதைப் போல. இங்கேயும் ஒருத்தன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டுக் கடைக்காரன் மேல் பாய்ந்தேன்.

"ஒரு ஆளுக்குப் பத்துக் கிலோவைத் தலையில கட்டப் பாக்குறியா? டிரம் நிறைஞ்சு ஓடினாத்தான்டா இந்தக் கணக்கெல்லாம். பாதி காலியா ஓடினா அந்த ஏ எழுத்து வெறும் ஸ்டிக்கர். சின்னதாக் காட்டு."

"ஏழுக்குக் கீழ இப்ப வர்றதே இல்லண்ணே."

"அப்ப ஏழு."

ஏழு கிலோவில் ஒன்று, ஏ எழுத்து, தண்ணீரும் குறைவு. குனிந்து நிமிர்ந்து, கதவைத் திறந்து மூடி, ஸ்டிக்கரை வரி வரியாகப் படித்தேன். ஒரு நொட்டை கிடைக்காதா என்று கடைசியாக ஒரு தடவை தேடினேன் என்றும் சொல்லலாம். கிடைக்கவில்லை.

"ஒரே ஒரு விஷயம்" என்றான் கடைக்காரன். "சிக்கன ஓட்டத்துல போட்டா மூணு மணி இருபத்தெட்டு நிமிஷம் ஆகும்."

"ஏன் அவ்வளவு நேரம்?" என்று அல்டோனா என்னிடம் கேட்டாள்.

"சூடு கம்மி. நேரம் ஜாஸ்தி. அதனாலதான் மிச்சம்."

"உங்கள மாதிரி" என்றாள். கடைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். நான் காது வரைக்கும் சிவந்து போனேன். அது கேலியா, வேறு ஏதாவதா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

அடுத்த வியாழன் அல்டோனா வரவில்லை. வர மாட்டாள் என்று தெரிந்துதான் போனேன். இரண்டரைக்குப் போய், மூட்டையை ஒரு மெஷினில் போட்டுவிட்டு, பால் பெட்டியில் உட்கார்ந்தேன். இன்னொரு மெஷின் கதவு திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் பெட்டி காலி. அரை மணி நேரம் என்பது இவ்வளவு நீளமா? மூன்று மணி இருபத்தெட்டு நிமிடத்தைக் கிண்டல் செய்தவன் நான்.

பங்க்கில் கல்லாவில் இருக்கும் நோரீன் சிகரெட் பிடிக்க வெளியே வந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள், நாக்கில் விஷம்.

"என்ன மெலக்கி, இந்தச் சட்டை போன வாரமே பளிச்சுன்னுதானே இருந்துச்சு? துவைச்சதையே துவைக்கிறியா?"

"உன் வேலையைப் பாரு."

"அந்தப் பொண்ணு வீடு ரெண்டு மைல்தான்டா. கார்ல டீசல் இருக்குல்ல?"

"கூப்பிடாம எப்படிப் போறது?"

"நாசமாப் போ" என்றாள் நோரீன். சொன்ன தினுசில் வருத்தம்தான் இருந்தது.

அன்றே டிம்ப்னாவுக்கு ஃபோன் போட்டேன். "எதையாவது அனுப்புக்கா" என்றேன். இனி எது வந்தால் என்ன? அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வேன் வரும் என்றாள்.

அதற்கு முந்திய வியாழன். கடைசியாக ஒரு தடவை பங்க்குக்குப் போய்விடலாம் என்று மூட்டையைக் காரில் போட்டபோது ஃபோன் அடித்தது. அல்டோனா.

"மெலக்கி, மெஷின் நடந்து வருது."

"என்னது?"

"வீடு மாறுற அவசரத்துல போன வாரம் துவைக்கவே இல்ல. குழாய்க்காரர் நேத்துதான் வந்து மாட்டினார். இன்னைக்கு முதல் தடவை போட்டேன். பயங்கரமா ஆடி, சுவத்தை விட்டு நடு வீட்டுக்கு வந்துருச்சு. பயந்து நிறுத்திட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்க முதுகில் நாலு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதைக் கழற்றாமல் ஓட்டினால் நடக்காமல் என்ன செய்யும்? எழுத்து, யூனிட், லிட்டர் என்று வாய் கிழியப் பேசிய மேதை, போல்ட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

வீடு சின்னதுதான், வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. சமையல் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. ஒருத்தி என்று சொன்னவள் வீட்டில் எதற்கு இரண்டு என்று ஒரு கணம் நினைத்தேன், நாற்காலி இரண்டாகத்தானே விற்பான் என்று சமாதானம் செய்துகொண்டேன். மெஷினைத் திருப்பி நாலு போல்ட்டையும் கழற்றினேன். மட்டம் பார்த்து அதன் கால்களைத் திருகினேன். அவள் சிக்கன ஓட்டத்தில் திருப்பிப் பொத்தானை அமுக்கினாள். கதவு க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. பூனை போலச் சத்தமில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. முகப்பில் மூன்று, இருபத்தெட்டு.

இரண்டு பேரும் நின்று பார்த்தோம், பங்க்கில் பார்ப்பதைப் போல.

"பாருங்க, பாதி டிரம் காலி" என்றாள். "என் துணி மூணு கிலோகூட வரல. காலியா ஓடினா எழுத்து வெறும் ஸ்டிக்கர்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா."

"அப்ப வியாழக்கிழமை உங்க துணியையும் இங்கயே கொண்டு வாங்க. சேத்துப் போட்டுடலாம்."

"ஐயையோ, வேண்டாங்க! உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு!"

சொன்னது நானில்லை. என் வாய். என் அப்பன் வாய், அவன் அப்பன் வாய். மூன்று தலைமுறை மரியாதை அதுவாக எகிறிக் குதித்துவிட்டது.

"சரி" என்றாள் அல்டோனா. மறுபடி மெஷினைப் பார்த்தாள். ஏமாற்றமா என்று தெரியவில்லை, முகத்தை எனக்குக் காட்டவில்லை.

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்து சாவியைத் திருகக் கை வரவில்லை. பின் சீட்டில் மூட்டை கிடந்தது. நாளை மறுநாள் வேன் வந்துவிடும். என் மெஷின் என் வீட்டில், அவள் மெஷின் அவள் வீட்டில், இரண்டும் பாதி காலியாகச் சுற்றும். இவள் இரண்டாம் தடவை கேட்க மாட்டாள், மூன்றாம் தடவை நிச்சயம் மாட்டாள். நான் சாகிற வரை மரியாதையாகவே இருந்துவிட்டுப் போகலாம். பங்க்கில் நனைந்த கயிறோடு அவள் விரல்கள் தடுமாறியது ஞாபகம் வந்தது. அன்று உண்மையைச் சொல்ல முடிந்தது, இன்று எனக்காகச் சொல்ல முடியாதா? கண்ணில் நீர் வந்துவிட்டது, முட்டாள்தனமாக.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"நான் பொய் சொன்னேன்" என்றேன் அவள் திறந்ததும். "எங்க ஊர்ல முதல் வேண்டாம் மரியாதைக்கு. ரெண்டாவதும் மரியாதைக்குத்தான். மூணாவது தடவை சொல்றதுதான் நிசம். எனக்கு வேணும், அல்டோனா. வியாழக்கிழமை வேணும். வியாழக்கிழமைக்காகத்தான் இத்தனை நாள் ஒரு மெஷினும் வாங்காம இருந்தேன்."

அவள் மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப் பாவமே! டோலன் தாத்தா! ரெண்டு வருஷமா அந்த மனுஷன் பிஸ்கட் வேணும்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரா?"

"ஆமா."

"அப்ப என் காப்பி?"

"எட்டு மாசமா" என்றேன்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். என் கையிலிருந்து மூட்டையை வாங்கி மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"கதவு பூட்டிக்கிச்சு. இது முடிஞ்சாத்தான் திறக்கும்."

முகப்பில் மூன்று, பத்தொன்பது.

"காப்பி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்" என்று சொல்லி, இரண்டு நாற்காலியில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. டிம்ப்னாவாகத்தான் இருக்கும், வேன் எத்தனை மணிக்கு என்று சொல்ல. வேண்டாம் என்று அவளிடம் சொல்லிக்கொள்ளலாம், மெதுவாக. அல்டோனா கோப்பையை என் முன்னால் வைத்தாள். நல்ல கசப்பு. சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாள். அதற்கும் வேண்டும் என்றேன்.